6வி6 ஒண்ணு போதும்: சின்ன வால்வு கிட்டார் ஆம்ப் கட்டுறதும், அதுல கோளாறு கண்டுபிடிக்கிறதும்

வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதிலா கண்ணாடிக் குழாய் வால்வு வச்ச கிட்டார் ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாம்னு கடைக்குப் போயி விலையைக் கேட்டுட்டு வந்து, இதை நாமளே கட்ட முடியாதான்னு கேக்குறவங்க நிறைய பேர். முடியும். ரெசிஸ்டர் கலர் படிக்கத் தெரியணும், சால்டரிங் சுத்தமா வரணும், மீட்டர்ல ஏசி வோல்ட் எது டிசி வோல்ட் எதுன்னு குழப்பம் இருக்கக் கூடாது. ஆனா முதல் ஆம்ப்பே மார்ஷல் கம்பெனியோட 50 வாட் ஆம்ப் மாதிரி பெருசா வேணும்னு ஆரம்பிக்காதீங்க, பாதியில நின்னுடும், நின்னதை அப்புறம் தொட மனசே வராது.

நான் எப்பவும் சொல்றது ஃபெண்டர் கம்பெனியோட சாம்ப்ங்கிற ஆம்ப், அதுலயும் 5எஃப்1ங்கிற சர்க்யூட். கலிஃபோர்னியாவுல ஃபுல்லர்டன்ங்கிற ஊர்ல ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்த லியோ ஃபெண்டர் 1950கள்ல கொண்டுவந்தது. படிக்கிற பசங்க வாங்குற விலைக்குன்னு செஞ்ச சின்ன ஆம்ப், சுமார் 5 வாட், 8 இன்ச் ஸ்பீக்கர். மொத்தமே மூணு வால்வு: கிட்டார் சிக்னலைப் பெருசாக்க ஒரு 12ஏஎக்ஸ்7 (ஒரு கண்ணாடிக்குள்ள ரெண்டு வால்வு இருக்கும்), ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏசியை டிசி ஆக்க ஒரு 5ஒய்3. வால்வுக்குள்ள சூடாக்குற இழை ஹீட்டர், எலக்ட்ரான் கிளம்புற இடம் கேத்தோடு, அது போய்ச் சேர்ற தகடு பிளேட், நடுவுல சிக்னல் வர்ற கம்பி கிரிட், 6வி6ல கூடுதலா ஸ்க்ரீன்னு இன்னொரு கம்பி. வால்யூம் ஒண்ணுதான், டோன் கண்ட்ரோல் கூட கிடையாது. இதோட சர்க்யூட் படமும், எந்தப் பொருள் எங்க உக்காரணும்னு காட்டுற லேஅவுட் படமும் நெட்ல தேடினா கிடைக்கும், ரெண்டையும் பெருசா பிரிண்ட் எடுத்து மேஜை மேல ஒட்டிக்கோங்க, ஒவ்வொரு ஒயர் போட்டதும் அதுல கலர் பேனாவால கோடு போட்டு அடிச்சுட்டே வாங்க. 5 வாட் பத்தாதேன்னு நினைக்காதீங்க, வீட்ல முழுசா திறந்து வச்சா பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டுவாங்க.

இப்ப பயப்பட வேண்டிய விஷயம். இந்த சின்ன ஆம்ப்குள்ள 350 வோல்ட் டிசி ஓடுது, ஆன் பண்ண சில நொடிக்கு 450க்கு மேலயும் ஏறும், அது ஆளைக் கொல்லக்கூடியது, ப்ளக்கைப் பிடுங்கிட்டாலும் ஃபில்டர் கண்டென்சர்ல (டிசியில மிச்சம் இருக்கிற அலையைச் சமமாக்குறது) அந்த சார்ஜ் நிக்கும். அதனால ப்ளக்கைப் பிடுங்கி, 10 கே 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை ரெண்டு பக்கமும் க்ரோகடைல் கிளிப் வச்ச ஒயர்ல கட்டி, ஒரு கிளிப்பை முதல்ல சேஸிஸ்ல (எல்லாப் பொருளும் உக்கார்ற உலோகப் பெட்டி) மாட்டிட்டு இன்னொண்ணை முதல் ஃபில்டர் கண்டென்சரோட பிளஸ்ல பத்து செகண்ட் வைங்க, அப்புறம் மீட்டர் வச்சு 10 வோல்ட்டுக்குக் கீழ வந்துடுச்சான்னு பாத்த பிறகுதான் கை உள்ள போகணும். ஸ்க்ரூ டிரைவரால ஷார்ட் பண்ணி தீப்பொறி பறக்க விடுறது வேணாம். இது போக 220 கே 2 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை அந்த கண்டென்சருக்குக் குறுக்கே நிரந்தரமாவே போட்டுடுங்க, ஆஃப் பண்ண ஒரு நிமிஷத்துக்குள்ள சார்ஜ் தானா வடிஞ்சிடும், ஆனா அதை நம்பி மீட்டர் வைக்காம இருக்கக் கூடாது. கரண்ட் இருக்கும்போது அளக்கணும்னா ஒரே கை, இடது கையை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கோங்க, கால்ல ரப்பர் செருப்பு, வீட்ல இன்னொருத்தர் முழிச்சிருக்கணும். தூக்கக் கலக்கத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த வேலை பண்ணவே பண்ணாதீங்க.

பொருள் வாங்குற கதைக்கு வருவோம். ரெசிஸ்டர், ஒயர், ஃப்யூஸ் ஹோல்டர், ஜாக், சால்டர் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல ஈஸியா கிடைக்கும், வால்வு, சாக்கெட், டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் ஆன்லைன்ல ஆர்டர் போடற மாதிரிதான் வரும். கடையில கொத்துக் கொத்தா தர்ற கால் வாட் ரெசிஸ்டரை இதுல போடாதீங்க, வாட் கணக்குக்கு அது தாங்குற மாதிரி தெரியும், ஆனா அந்த சைஸ் பொதுவா 250 வோல்ட்டுக்குத்தான் செஞ்சது, நம்ம 100 கே பிளேட் ரெசிஸ்டர் மேல ஆன் பண்ற நேரத்துல அதைத் தாண்டி வோல்டேஜ் வரலாம். 1 வாட் மெட்டல் ஃபிலிம் போட்டுட்டா நிம்மதி. 6வி6 கேத்தோடுல வர்ற 470 ஓம் மட்டும் 5 வாட் வாங்குங்க. சிக்னல் கடத்துற 0.022 மைக்ரோஃபாரட் கண்டென்சர் 630 வோல்ட் இருக்கணும். ஃபில்டருக்கு பழைய படத்துல 16, 8, 8 மைக்ரோஃபாரட் 450 வோல்ட்னு இருக்கும், நான் 16, 22, 22 போட்டு மூணுமே 500 வோல்ட்ல வாங்குவேன். ஏன்னா 5ஒய்3 சீக்கிரம் சூடாயிடும், 6வி6 மெதுவாத்தான் சூடாகும், அந்த இடைவெளியில கரண்ட் இழுக்க ஆளே இல்லாம வோல்டேஜ் உச்சத்துக்குப் போகும்: டிரான்ஸ்ஃபார்மர்லேருந்து வர்ற 325 வோல்ட் ஏசியை 1.414ஆல பெருக்கினா 460, அது 450 வோல்ட் கண்டென்சரைத் தாண்டிடுச்சு. ஹம் (கரண்ட்னால ஸ்பீக்கர்ல வர்ற உறுமல் சத்தம்) குறையும்னு சொல்லி முதல் கண்டென்சரை 47, 100ன்னு ஏத்தாதீங்க, 5ஒய்3 அந்த சார்ஜிங் கரண்ட்டைத் தாங்காது.

பவர் டிரான்ஸ்ஃபார்மர் 325-0-325, 6.3 வோல்ட், 5 வோல்ட்னு மூணு செகண்டரி (வோல்டேஜ் வெளிய வர்ற சுத்து) உள்ளது. பிரைமரியில (கரண்ட் உள்ள போற சுத்து) 240 வோல்ட் டேப், அதாவது 240க்குன்னு தனி ஒயர், இருக்கிறதா பாத்து எடுங்க. நம்மூர்ல பேர்தான் 230, எங்க வீட்ல ராத்திரி பத்து மணிக்கு மேல 245 காட்டும், 220 வோல்ட் பிரைமரியில அதைக் குடுத்தா ஹீட்டர் 6.3க்கு பதிலா 7 வோல்ட் ஆயிடும், வால்வு ஆயுசு அதுல போகும்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் பத்தி கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா நிறைய பேர் ஏமாறுறது இங்கதான். சாம்ப் ஒரே ஒரு அவுட்புட் வால்வு உள்ளது, அதனால அந்த வால்வோட 40 மில்லி ஆம்ப் டிசி எப்பவுமே டிரான்ஸ்ஃபார்மர் வழியாத்தான் ஓடுது, ரெண்டு வால்வு ஆம்ப்ல மாதிரி எதிரெதிரா ஓடி ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்காது. அந்த டிசி இரும்பை முழுசா காந்தமாக்கிடாம இருக்க கோர்ல (சுத்துக்கு நடுவுல இருக்கிற இரும்புத் தகட்டு அடுக்கு) சின்ன கேப் விட்டே ஆகணும். நான் ஒரு தடவை லோக்கல்ல ஒரு வைண்டிங் கடையில வால்வு பக்கம் 8 கே, ஸ்பீக்கர் பக்கம் 4 ஓம் கணக்குல சுத்தி வாங்கினேன், சுத்து எண்ணிக்கை எல்லாம் சரி, ஆனா சத்தம் மெலிசா, அடி சத்தமே இல்லாம வந்துச்சு. பிரிச்சுப் பாத்தா சாதா ஸ்டெபிலைசர் டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி ஈ தகடும் ஐ தகடும் (E, I எழுத்து வடிவத்துல இருக்கிற இரும்புத் தகடு) மாத்தி மாத்தி கோத்திருந்தாங்க. எல்லா ஈ தகட்டையும் ஒரே பக்கமா அடுக்கி, எல்லா ஐ தகட்டையும் மறுபக்கம் கட்டி, நடுவுல மெல்லிசா ஒரு பேப்பர் வச்சு இறுக்கினதும் அடி சத்தம் திரும்ப வந்துடுச்சு. நீங்க சுத்தக் குடுத்தா இதை எழுதியே குடுங்க.

கட்டும்போது முதல் ஒயர் எர்த் ஒயர். பச்சை ஒயரை சேஸிஸ்ல தனி போல்ட்ல, பெயிண்ட் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்க, டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்லயே சேத்து மாட்டக் கூடாது. ஃபேஸ் ஒயர் (கரண்ட் வர்ற ஒயர்) முதல்ல ஃப்யூஸ், அப்புறம் சுவிட்ச். 500 மில்லி ஆம்ப் ஸ்லோ ப்ளோ ஃப்யூஸ் (ஒரு நொடி கரண்ட் ஏறினா உடனே போகாதது) போதும். உங்க ப்ளக் பாயிண்ட்ல எர்த் உண்மையாவே இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சுப் பாத்துடுங்க, கிட்டார் கம்பியை நீங்க விரலால தொட்டுட்டு இருக்கீங்க, அந்தக் கம்பி கேபிள் வழியா இதே சேஸிஸ்லதான் போயி சேருது. பழைய அமெரிக்க ஆம்ப் யாராவது ரிப்பேருக்குக் கொண்டுவந்தா, ரெண்டு பின் ஒயரும் மெயின்ஸ்லேருந்து சேஸிஸுக்கு ஒரு கண்டென்சரும் இருக்கலாம், டெத் கேப்னே அதுக்குப் பேரு, அதைக் கழட்டிப் போட்டு மூணு பின் மாத்துறதுதான் முதல் வேலை.

அடுத்து ஹீட்டர். ரெண்டு ஒயரை நல்லா முறுக்கி, சேஸிஸ் மூலையை ஒட்டி ஓட்டுங்க. 6வி6ல 2, 7 பின், 12ஏஎக்ஸ்7ல 4, 5 ரெண்டையும் சேத்து ஒரு பக்கம், 9 இன்னொரு பக்கம். சாக்கெட்டை அடிப்பக்கத்துலேருந்து பாத்து கடிகாரம் சுத்துற திசையில எண்ணணும், மேலேருந்து எண்ணினா எல்லாமே தலைகீழாப் போகும். 6.3 வோல்ட்டுக்கு சென்டர் டேப் (சுத்தோட நடுவுலேருந்து வர்ற ஒயர்) இல்லேன்னா 100 ஓம் ரெண்டு எடுத்து ஒவ்வொரு பக்கத்துலேருந்தும் கிரவுண்டுக்கு (சேஸிஸோட சேர்ற பூஜ்ய வோல்ட் இடம்) போடுங்க, ஹம் பாதி இங்கயே போயிடும்.

கிரவுண்ட் எல்லாத்தையும் கண்ட இடத்துல சேஸிஸ்ல ஒட்டாதீங்க. டிரான்ஸ்ஃபார்மரோட ஹை வோல்டேஜ் சென்டர் டேப், முதல் ஃபில்டர் மைனஸ், 6வி6 கேத்தோடு, ஸ்பீக்கர் மைனஸ் ஒரு இடத்துல சேரணும், 12ஏஎக்ஸ்7 சம்பந்தப்பட்டதும் அதோட ஃபில்டரும் இன்புட் ஜாக் பக்கத்துல. இன்புட்ல வர்ற 68 கே ரெசிஸ்டரை ஜாக்ல போடாம நேரா வால்வு சாக்கெட் 2ஆம் பின்னிலயே உக்கார வைங்க, ஜாக்லேருந்து அதுவரைக்கும் ஷீல்டட் ஒயர். 6வி6 5ஆம் பின்ல 1.5 கே, 4ஆம் பின்ல 470 ஓம் 1 வாட், இது ரெண்டும் பழைய படத்துல இல்ல, ஆனா ஆம்ப் தானா ஊளையிடுறதைத் தடுக்கும், நான் எல்லாத்துலயும் போடுவேன்.

ஒயரிங் முடிஞ்சதும் வால்வு மூணையும் சொருகி ஆன் பண்ணிப் பாக்கத்தான் கை பரபரக்கும். பொறுங்க. ஒரு 60 வாட் குண்டு பல்பை ஹோல்டர்ல மாட்டி, ஃபேஸ் ஒயர்ல சீரிஸா வர்ற மாதிரி ஒரு போர்டு செஞ்சுக்கோங்க (எல்இடி பல்பு ஆகாது, இழை உள்ள பழைய பல்புதான்). உள்ள ஷார்ட் இருந்தா பல்பு முழு வெளிச்சத்துல எரிஞ்சு நின்னுடும், ஆம்ப் தப்பிச்சிடும்.

முதல்ல வால்வே இல்லாம ஆன் பண்ணுங்க. பல்பு மினுக்கி அணையணும். ஹீட்டர்ல 6.3லேருந்து 7 (வால்வு இழுக்காததால கொஞ்சம் கூடுதலாத்தான் காட்டும்), 5 வோல்ட் வைண்டிங்ல அஞ்சு சொச்சம், ஹை வோல்டேஜ்ல ஒவ்வொரு பக்கமும் சென்டர் டேப்புக்கு 325 ஒட்டி வரணும். ஆஃப். அப்புறம் 5ஒய்3 மட்டும், 8ஆம் பின்ல டிசி 450 கிட்ட வரும், மூணு ஃபில்டர்லயும் ஒரே வோல்டேஜ் இருக்கணும், ஏன்னா இன்னும் யாரும் கரண்ட் இழுக்கல. ஒரு ஃபில்டர்ல மட்டும் குறைஞ்சா அந்த கண்டென்சர் லீக், இல்லேன்னா அதுக்கப்புறம் ஏதோ கிரவுண்டைத் தொடுது. ஆஃப், சார்ஜை இறக்குங்க. இப்பதான் 6வி6, 12ஏஎக்ஸ்7 ரெண்டும், அதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் மாட்டியிருக்கணும். ஸ்பீக்கர் இல்லாம வாசிச்சா டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில வோல்டேஜ் துள்ளிக் குதிச்சு இன்சுலேஷனையே ஓட்டை போட்டுடும்.

பல்பு மங்கலா எரிஞ்சு எல்லாம் ஒழுங்கா இருந்தா பல்பைக் கழட்டிட்டு நேரா மெயின்ஸ்ல போட்டு அளந்து எழுதிக்கோங்க, பல்போட அளந்தா எல்லாமே குறைச்சலாத்தான் காட்டும். 6வி6 பிளேட், அதாவது 3ஆம் பின், 330லேருந்து 360. 4ஆம் பின் 300 சுமார். 12ஏஎக்ஸ்7க்குப் போற கடைசி ஃபில்டர் 250, 260. அதோட பிளேட் 1, 6 ரெண்டும் 150லேருந்து 180, கேத்தோடு 3, 8 ஒண்ணரை வோல்ட் பக்கம். கிரிட் எல்லாம் பூஜ்யம். 6வி6 8ஆம் பின் கேத்தோடுல 19 வோல்ட் வந்துச்சுன்னு வைங்க, 19ஐ 470ஆல வகுத்தா 40 மில்லி ஆம்ப், அதுல ரெண்டு ரெண்டரை ஸ்க்ரீனுக்குப் போக 38 பிளேட்டுக்கு. பிளேட்ல 345 இருந்தா 345லேருந்து 19 கழிச்சு 326, அதை 0.038ஆல பெருக்கினா 12.4 வாட். 6வி6 தாங்குறது 12லேருந்து 14 வாட், அதுக்குள்ள இருக்கீங்க. 14ஐத் தாண்டினா 470ஐ எடுத்துட்டு 560 இல்ல 680 போடுங்க. இந்தப் பேப்பரை சேஸிஸ்குள்ளயே மடிச்சு ஒட்டி வைங்க, அஞ்சு வருஷம் கழிச்சு ஆம்ப் கெட்டுப்போனா எந்த நம்பர் மாறியிருக்குன்னு பாத்தே பாதி கோளாறைப் பிடிச்சிடலாம்.

என் முதல் ஆம்ப் ஆன் பண்ணதும் காது கிழியுற மாதிரி கத்துச்சு. நாலு நாள் வால்வை மாத்தி மாத்திப் பாத்தேன், சால்டரெல்லாம் திரும்பப் போட்டேன், அந்த நாலு நாளும் சரியா சாப்பிடக்கூட இல்ல. காரணம் ரொம்ப சின்னது: ஸ்பீக்கர்லேருந்து 22 கே வழியா 12ஏஎக்ஸ்7 8ஆம் பின்னுக்கு ஃபீட்பேக் திரும்ப வருது, அது சத்தத்தைக் குறைக்கிற திசையில வரணும், என்னோடது கூட்டுற திசையில வந்துட்டு இருந்துச்சு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரோட பிரைமரி ஒயர் ரெண்டையும் இடம் மாத்தினேன், அவ்வளவுதான், அமைதியாயிடுச்சு. அதனால நீங்க முதல் தடவை அந்த 22 கே-வை இணைக்காமலே விடுங்க, ஆம்ப் பாடுறதைக் கேட்டுட்டு அப்புறமா ஆஃப் பண்ணி இணைங்க. சத்தம் கொஞ்சம் குறைஞ்சா சரி, கத்தினா பிரைமரியை மாத்துங்க.

சத்தமே வரலேன்னா வோல்டேஜ் சரின்னு பாத்துட்டு, மீட்டரை டிசியில வச்சு கறுப்பு முனை சேஸிஸ்ல கிளிப் பண்ணி, வால்யூமை ஏத்திட்டு சிவப்பு முனையால பின்னாடிலேருந்து முன்னாடி கிரிட் பின்களை ஒவ்வொண்ணாத் தொடுங்க: முதல்ல 6வி6 5, அப்புறம் 12ஏஎக்ஸ்7 7, அப்புறம் 2. தொடும்போது ஸ்பீக்கர்ல டிக்னு கேக்கும், முன்னாடி வர வர டிக் பெருசாகணும். எந்த இடத்துல அது நின்னுபோகுதோ அந்த இடத்துக்கும் அதுக்கு முந்தின இடத்துக்கும் நடுவுலதான் கோளாறு.

ஹம்னா காதால பிரிச்சுக் கேளுங்க. ஹீட்டர்லேருந்தோ கிரவுண்ட்லேருந்தோ வர்றது 50 ஹெர்ட்ஸ், அடித்தொண்டையில உறுமுற மாதிரி. ஃபில்டர் சரியில்லாம வர்றது 100 ஹெர்ட்ஸ், அதைவிடக் கொஞ்சம் கறாரா, ரீங்காரமா இருக்கும். வால்யூமை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தா ஹம் போயிடுச்சா, இன்புட் பக்கம் பாருங்க. போகலையா, ஆஃப் பண்ணி 12ஏஎக்ஸ்7ஐக் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க, அப்பவும் அப்படியே இருந்தா பவர் சப்ளை. இந்த ஆம்ப்ல 6வி6 பிளேட்டுக்கு முதல் ஃபில்டர்லேருந்தே நேரா வோல்டேஜ் போகுது, அதனால காதை ஸ்பீக்கர்கிட்ட வச்சா லேசா ஹம் கேக்கத்தான் செய்யும், அதைத் துரத்திட்டு அலையாதீங்க.

6வி6 உள்ள தகடு செக்கச் செவேல்னு பழுத்தா உடனே ஆஃப். அந்த வால்வு ஓடுற ஒவ்வொரு நிமிஷமும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சேத்து ஆபத்து. கேத்தோடுல இருக்கிற 470 ஓம் ஷார்ட்டா, அதுக்குக் குறுக்க இருக்கிற 25 மைக்ரோஃபாரட் ஷார்ட்டான்னு பாருங்க. ரெண்டும் நல்லா இருந்தா 6வி6ஐக் கழட்டி வச்சுட்டு ஆன் பண்ணி, சாக்கெட்டோட 5ஆம் பின்ல அளங்க. வால்வே இல்லாதப்பவும் அங்க பிளஸ் வோல்டேஜ் இருந்தா 0.022 கண்டென்சர் லீக், மாத்துங்க. பூஜ்யமா இருந்து வால்வு போட்டதும் பிளஸ்ஸுக்கு ஏறுச்சுன்னா வால்வுதான் போச்சு. வால்யூம் திருகும்போது கரகரன்னு கேட்டா வால்யூம் கண்ட்ரோலை மாத்துறதுக்கு முன்னாடி இதே மாதிரி அதுல டிசி இருக்கான்னு பாருங்க, முதல் ஸ்டேஜ் கண்டென்சர் லீக் ஆனாலும் அப்படித்தான் கரகரக்கும்.

ஃப்யூஸ் போகுதுன்னா பெரிய ஃப்யூஸ் போட்டுப் பாக்குறது டிரான்ஸ்ஃபார்மரை எரிக்கிற வழி. 5ஒய்3ஐக் கழட்டுங்க. அப்பவும் போனா பவர் டிரான்ஸ்ஃபார்மரோ ஹீட்டர் ஒயரிங்கோ, போகலைன்னா 5ஒய்3 அல்லது அதுக்கு அந்தப் பக்கம் ஃபில்டர். படகு மோட்டார் மாதிரி டப் டப் டப்னு வந்தா 12ஏஎக்ஸ்7க்குப் போற கடைசி ஃபில்டர் காஞ்சுபோயிருக்கும், அது மேலயே நல்ல கண்டென்சர் ஒண்ணை இணைச்சா (ஆஃப் பண்ணிட்டு, சார்ஜ் இறக்கிட்டு) நின்னுடும்.

விட்டு விட்டு வர்ற கோளாறுதான் பொறுமையை சோதிக்கும். வால்யூமை பாதியில வச்சுட்டு, நல்லா காஞ்ச நீளமான மூங்கில் குச்சியால ஒவ்வொரு சால்டரையும் ஒவ்வொரு ஒயரையும் மெதுவா தட்டிட்டே வாங்க, ஒரு இடத்துல டப்புனு வெடிக்கும், அங்க டிரை சால்டர் (சரியா ஒட்டாத சால்டர்). 12ஏஎக்ஸ்7ஐத் தட்டினா லேசா டங்குனு கேக்கறது சகஜம், மணி அடிச்ச மாதிரி நீண்டு ஒலிச்சுட்டே இருந்தா அந்த வால்வை இதுல வைக்காதீங்க. எல்லாம் சரியானதும் ரெண்டு மணி நேரம் ஓட விட்டு, ஆறினதும் டிரான்ஸ்ஃபார்மர் போல்ட் எல்லாத்தையும் ஒரு தடவை இறுக்கிட்டு, அந்தப் பேப்பர்ல இருக்கிற வோல்டேஜை மறுபடி அளந்து பக்கத்துல தேதி போட்டு எழுதிடுங்க.